மோட்டார் சைக்கிள் சைலன்சரில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுத்துவிடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாலையில் ஓட்டும் வண்டியில் கன்வெர்ட்டரை எடுக்க வேண்டாம் என்பதே இந்தப் பக்கத்தின் நிலைப்பாடு. அதை எடுக்கச் சொல்பவர்கள் காட்டும் காரணங்களில் பெரும்பாலானவை வண்டியின் வேறு ஏதோ ஒரு கோளாற்றைச் சுட்டுபவை. மீதியில் கிடைக்கும் ஆதாயம் மிகச் சிறியது. கீழே உள்ள பதில்கள் இந்தியாவில் விற்கப்படும் மோட்டார் சைக்கிள்களை, குறிப்பாக 2020-க்குப் பிறகு வந்த பிஎஸ்6 (பாரத் ஸ்டேஜ் 6 என்ற மாசு விதி) வண்டிகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்பது எது? வண்டியில் அது எங்கே இருக்கிறது?

எஞ்சினிலிருந்து வரும் புகை வெளியேறும் குழாயின் நடுவே, தேன்கூடு போல நூற்றுக்கணக்கான நுண்துளைகள் கொண்ட ஓர் உருளை பொருத்தப்பட்டிருக்கும். அதுவே கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்; தமிழில் வினையூக்கி மாற்றி என்று எழுதுகிறார்கள், பட்டறைகளில் கேட்கான் என்கிறார்கள். கார்களில் இந்த உருளை பெரும்பாலும் பீங்கானால் ஆனது. மோட்டார் சைக்கிள்களில் அதிர்வு மிகுதி என்பதால் மெல்லிய உலோகத் தகட்டைச் சுருட்டிச் செய்த உருளையே பரவலாக உள்ளது.

இருக்கும் இடம் மாடலுக்கு மாடல் மாறும். சிலவற்றில் எஞ்சினிலிருந்து வளைந்து இறங்கும் முதல் குழாயான பெண்ட் பைப்பிலேயே இருக்கும். சிலவற்றில் எஞ்சினுக்கு அடியில் உள்ள பெட்டிக்குள் இருக்கும். சிலவற்றில் சைலன்சருக்குள் இருக்கும். ஆகவே சைலன்சரை மட்டும் மாற்றியவர் தாம் கன்வெர்ட்டரையும் நீக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பதும், நீக்கவில்லை என்று நம்பிக்கொண்டு நீக்கியிருப்பதும் இரண்டுமே நடக்கக்கூடியவை. பெண்ட் பைப்பில் கன்வெர்ட்டர் உள்ள வண்டிக்கு வேறு சைலன்சர் மாட்டினால் ஒலி மாறுமே தவிர, புகையைச் சுத்திகரிக்கும் வேலை தொடர்ந்து நடக்கும்.

அது உள்ளே என்ன செய்கிறது?

பெட்ரோல் முழுமையாக எரிந்தால் கரியமில வாயுவும் நீராவியும் மட்டும் வர வேண்டும். எந்த எஞ்சினிலும் அப்படி முழுமையாக எரிவதில்லை. பாதி எரிந்ததிலிருந்து கார்பன் மோனாக்சைடும், எரியாமல் தப்பியதிலிருந்து ஹைட்ரோகார்பன்களும் வருகின்றன. எரிப்பின் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி நைட்ரஜன் ஆக்சைடுகள் பிறக்கின்றன. இம்மூன்றையும் ஒரே இடத்தில் மாற்றுவதால் இன்றைய கன்வெர்ட்டருக்கு மும்முனைக் கன்வெர்ட்டர் என்று பெயர். உருளையின் துளைச் சுவர்களில் அலுமினியம் ஆக்சைடு பூச்சும், அதன்மேல் மிகச் சிறிய அளவில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்களும் பரவியிருக்கின்றன. பிளாட்டினமும் பலேடியமும் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் ஆக்சிஜனோடு சேர்த்துக் கரியமில வாயுவாகவும் நீராகவும் ஆக்குகின்றன. ரோடியம் நைட்ரஜன் ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து வெறும் நைட்ரஜனாக விடுகிறது. இந்த உலோகங்கள் வினையைத் தூண்டுகின்றனவே ஒழிய, வினையில் செலவாவதில்லை. அதனால்தான் முறையாகப் பராமரித்த வண்டியில் கன்வெர்ட்டர் பல ஆண்டுகள் உழைக்கிறது.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று வெப்பம்: ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய பிறகே அது வேலை செய்யத் தொடங்கும். காலையில் வண்டியை எடுத்த முதல் சில நிமிடங்களில் புகை கடுமையாக மணப்பது இதனால்தான். மற்றொன்று கலவை: எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற விகிதத்தை ஒட்டி எஞ்சின் ஓடினால்தான் மூன்று மாசுகளையும் ஒருசேர அதனால் மாற்ற முடியும். பெட்ரோலில் எத்தனால் கூடக் கூட இந்த எண் சற்று இறங்கும். விகிதத்தைக் காப்பதற்காகத்தான் புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் (ஓ2 சென்சார்) பொருத்தப்பட்டு, அது சொல்வதைக் கேட்டு, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கிறது.

என் வண்டியில் கன்வெர்ட்டர் இருக்கிறதா?

2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு புதிதாக விற்ற பிஎஸ்6 பெட்ரோல் மோட்டார் சைக்கிள் என்றால் இருக்கிறது. 2017 ஏப்ரல் முதல் 2020 மார்ச் வரை விற்ற பிஎஸ்4 வண்டிகளிலும் பெரும்பாலும் உண்டு. அவற்றில் கார்புரேட்டரோடு ஓடியவை ஏராளம் என்பதால், புகைக்குழாய்க்குள் புதுக்காற்றைச் செலுத்தும் ஒரு சிறு வால்வும் துணைக்கு இருந்தது. அதற்கு முந்தைய வண்டிகளில் மாடலைப் பொறுத்தது. 2000-ஐ ஒட்டி விற்ற கடைசித் தலைமுறை டூ ஸ்ட்ரோக் வண்டிகள் பலவற்றில்கூடக் கன்வெர்ட்டர் இருந்தது. யமஹா ஆர்எக்ஸ்100 வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம்: அதில் எடுப்பதற்கு ஒன்றும் இல்லை.

எடுத்துவிட்டால் பவர் எவ்வளவு கூடும்?

கேட்பவர்கள் எதிர்பார்க்கும் அளவுக்குக் கூடாது. பத்து வண்டிகளில் ஒன்பதற்கு இதுவே முழுப் பதில். ஆனால் காரணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

புகை வெளியேறும் பாதையில் கன்வெர்ட்டர் ஒரு தடைதான். அதை மறுக்க முடியாது. ஆனால் உலோகத் தகட்டுக் கன்வெர்ட்டரின் முகப்புப் பரப்பில் மிகப் பெரும்பகுதி திறந்த துளைதான். அடைபட்டிருப்பது தகட்டின் தடிமன் அளவுக்கே. ஒலியை அடக்குவதற்காகச் சைலன்சருக்குள் வைத்திருக்கும் அறைகளும், புகையை முன்னும் பின்னும் திருப்பிவிடும் குறுகிய குழாய்களும் அதைவிட அதிகம் தடுக்கின்றன. கன்வெர்ட்டரையும் சைலன்சரையும் ஒருசேர மாற்றிவிட்டு, வந்த மாற்றம் முழுவதையும் கன்வெர்ட்டரின் கணக்கில் எழுதுவது வழக்கமாக நடக்கும் பிழை.

ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் உச்சத்திறன் சுமார் 20 குதிரைத்திறன். அது கிடைப்பது நிமிடத்துக்கு 6,100 சுழற்சியில். ஐந்து விழுக்காடு கூடுகிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் கிடைப்பது ஒரே ஒரு குதிரைத்திறன். அதுவும் எஞ்சினை அந்த உச்சம் வரை முறுக்கினால் மட்டுமே. அந்த வண்டியை விரும்பி வாங்குபவர்கள் பெரும்பாலும் நான்காயிரம் சுழற்சிக்குக் கீழேயே ஓட்டுகிறார்கள். அங்கே மாற்றம் ஏதும் தென்படாது, சில வேளைகளில் இழுவை குறையவும் செய்யும். 195 கிலோ எடையுள்ள வண்டியில், பின்னால் ஒருவரை ஏற்றுவதும் இறக்குவதும் இதைவிடப் பெரிய வேறுபாட்டைத் தரும்.

இழுவை குறைவது ஏன் என்றால், புகைக்குழாயின் நீளமும் விட்டமும் குறிப்பிட்ட சுழற்சிகளில் புகையின் அழுத்த அலைகள் எஞ்சினுக்கு உதவும்படி கணக்கிடப்பட்டவை. பட்டறையில் வெட்டி, கையில் கிடைத்த குழாயை வைத்துப் பற்றவைக்கும்போது அந்தக் கணக்கு கலைகிறது. “பேக் பிரஷர் (புகைப்பாதைத் தடையால் எழும் எதிர் அழுத்தம்) இல்லாவிட்டால் பிக்கப் போய்விடும்” என்று பட்டறைகளில் சொல்வது காரண அளவில் சரியில்லை. தடை இருப்பதால் எந்த எஞ்சினுக்கும் நன்மை கிடையாது. ஆனால் அவர்கள் கண்ட விளைவு உண்மைதான்.

சத்தம் கூடினால் வேகம் கூடியது போலத் தோன்றும் என்பதையும் மறக்க வேண்டாம். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் வண்டியின் திறனை அளக்கும் கருவியான டைனோவில் ஏற்றிப் பார்த்தவரின் சொல்லுக்கு மட்டுமே இந்தப் பேச்சில் மதிப்புண்டு.

மைலேஜ் கூடுமா?

கூடாது. சீரான வேகத்தில் செல்லும்போது ஓ2 சென்சாரின் சொல்படி ஈசியு அதே கலவை விகிதத்தைத்தான் பிடித்துவைக்கும். கன்வெர்ட்டரை எடுத்த பிறகு ரீமேப் செய்து, அதாவது ஈசியுவில் உள்ள பெட்ரோல் அட்டவணையை மாற்றி எழுதி, பெட்ரோலைக் கூட்டினால் மைலேஜ் குறையவே செய்யும்.

வலது கால் வெந்துபோகிறது. இதற்காகவாவது எடுக்கலாமா?

கோரிக்கைகளிலேயே நியாயம் அதிகமுள்ளது இதுதான். கன்வெர்ட்டருக்குள் நடக்கும் வினை வெப்பத்தை வெளிவிடும் வினை. அது இருக்கும் இடத்தில் குழாய் மற்ற இடங்களைவிடக் கடுமையாகச் சூடாகும். எடுத்துவிட்டால் அந்த ஓரிடத்தில் சூடு குறையும் என்பதும் உண்மை.

ஆனால் சென்னையிலோ மதுரையிலோ மே மாதச் சிக்னலில் நிற்கும்போது காலில் அடிக்கும் அனலில் பெரும்பங்கு எஞ்சினின் தலையிலிருந்தும் ஆயில் சூட்டிலிருந்தும் வருவது. லிக்விட் கூலிங் வண்டியென்றால் ரேடியேட்டர் விசிறி தள்ளும் காற்று. இவை எதுவும் குறையாது. வெட்டி ஒட்டும்போது வெப்பத் தடுப்புத் தகட்டை எடுத்துவிட்டு மாட்டாமல் விட்டால், முன்பு இல்லாத தீக்காயமும் சேர்ந்துகொள்ளும். தகடு தளர்ந்திருக்கிறதா, ஆயில் உரிய நேரத்தில் மாற்றப்பட்டதா, வால்வு இடைவெளி சரியாக உள்ளதா, புகைக்குழாய் இணைப்பில் கசிவு உள்ளதா என்று பார்ப்பதும், ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கும் சிக்னலில் எஞ்சினை அணைப்பதும் இதைவிடப் பயன் தரும்.

சூடு பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கை. உளுந்து, கொள்ளு போன்றவற்றைச் செடியோடு தார்ச்சாலையில் பரப்பி, வண்டிகளை ஏறவிட்டுப் பருப்பு உதிர்க்கும் பகுதிகளில், காய்ந்த கொடி புகைக்குழாயில் சிக்கித் தீப்பிடிக்கக்கூடும். அடியில் கன்வெர்ட்டர் உள்ள வண்டியை அதன்மேல் ஓட்டவோ, காய்ந்த புல்லின்மேல் நிறுத்தவோ வேண்டாம். இது கன்வெர்ட்டர் இல்லாத வண்டிக்கும் பொருந்தும்.

எடுத்த பிறகு வேகம் குறைக்கும்போது பட்பட்டென வெடிக்கிறதே, ஏன்?

திராட்டிலை மூடிய பிறகும் எரியாத பெட்ரோல் ஆவி கொஞ்சம் புகைக்குழாய்க்குள் வந்து சேர்கிறது. முன்பு அது கன்வெர்ட்டரில் ஓசையின்றி எரிந்துபோனது. இப்போது சூடான குழாயில், இணைப்புக் கசிவு வழியே நுழைந்த காற்றோடு சேர்ந்து வெடிக்கிறது. அந்த ஒலியை விரும்புபவர்கள் இருக்கிறார்கள். நள்ளிரவில் தெருவுக்கே அதைக் கேட்கச் செய்வதை விரும்புபவர்களும் இருக்கிறார்கள் என்பதுதான் வருத்தம்.

ஓ2 சென்சாரை என்ன செய்வது? ரீமேப் செய்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் சென்சார் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பதால், கன்வெர்ட்டரை மட்டும் எடுத்தால் சாதாரண வேகத்தில் எஞ்சினின் கலவை பெரிதாக மாறாது. சிக்கல் முழுத் திராட்டிலில் வருகிறது. அங்கே ஈசியு சென்சாரைக் கேட்காமல், ஆலையில் எழுதிவைத்த அட்டவணைப்படி பெட்ரோலை அளக்கிறது. புகைப்பாதை இலகுவாகி எஞ்சின் உள்வாங்கும் காற்று கூடிவிட்டால், அந்த அட்டவணைப்படி தரும் பெட்ரோல் போதாமல் கலவை வறண்டு, எஞ்சின் கூடுதலாகச் சூடாகும். கன்வெர்ட்டர் எடுத்து, திறந்த சைலன்சர் மாட்டி, ஏர் ஃபில்டரையும் மாற்றி, நெடுஞ்சாலையில் முழு முறுக்கில் ஓட்டுபவருக்கு இது வெறும் ஏட்டு விஷயம் அல்ல.

ரீமேப் செய்து கலவையைச் சரிசெய்ய முடியும். ஆனால் அதற்குரிய கருவியும், டைனோவும், அந்த வண்டியின் ஈசியு பற்றிய அறிவும் வேண்டும். மடிக்கணினியில் எங்கிருந்தோ இறக்கிய கோப்பை ஏற்றிக் கொடுப்பது ரீமேப் ஆகாது. சென்சாரைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் ஒரு பொய்யான மின்சைகையைத் தரும் பிளக்கைச் செருகுவதும் உண்டு. அது கலவையைச் சரிசெய்வதில்லை; எச்சரிக்கை விளக்கை மட்டும் அணைக்கிறது.

புதிய வண்டிகளில் இதுவும் எளிதில்லை. 2025 ஏப்ரலில் இருசக்கர வண்டிகளுக்கு நடைமுறைக்கு வந்த ஓபிடி-2பி விதிகள், கோளாறுகளை வண்டியே கண்டறியும் ஏற்பாட்டை விரிவாக்கிக் கன்வெர்ட்டரின் திறனையும் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தன. அத்தகைய வண்டியில் கன்வெர்ட்டரை எடுத்தால் எச்சரிக்கை விளக்கு எரியும் என்றே எதிர்பார்க்க வேண்டும்.

புகைப் பரிசோதனையில் தேறுமா?

பிஎஸ்6 வண்டி தேறாமல் போக வாய்ப்பு மிகுதி. பழைய ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு நிற்கும் நிலையில் கார்பன் மோனாக்சைடு 3.5 விழுக்காடு, ஹைட்ரோகார்பன் 4,500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை அனுமதி உண்டு. பிஎஸ்6 இருசக்கர வண்டிக்கு அவை முறையே 0.5 விழுக்காடும் 500 பிபிஎம்மும். கன்வெர்ட்டர் இருக்கிறது என்பதை வைத்தே இந்த அளவு வகுக்கப்பட்டது. குழாயில் கருவியைச் செருகாமலே சான்றிதழ் அச்சிட்டுத் தரும் நிலையங்கள் இருப்பது ஊரறிந்த செய்தி. அதை நம்பி வண்டியின் பாகத்தை வெட்டுவது அறிவுடைமை ஆகாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றி அமைப்பதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியின்றி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். காற்று மாசு, ஒலி மாசுக்கான அளவுகளை மீறிய வண்டியைப் பொது இடத்தில் ஓட்டினால் 190(2) பிரிவு பாயும்: முதல் குற்றத்துக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், கூடவே மூன்று மாதம் ஓட்டுநர் உரிமத் தகுதியிழப்பு.

நடைமுறையில் சாலையில் நிறுத்தும் காவலர் கன்வெர்ட்டரைத் தேடுவதில்லை. ஒலியைக் கேட்டுத்தான் நிறுத்துகிறார். இந்தோரி, பஞ்சாப் என்ற பெயர்களில் விற்கும் சைலன்சர்களைப் பறிமுதல் செய்து, ரோடு ரோலர் ஏற்றி நசுக்கும் காட்சியைப் பல நகரங்களில் பார்த்திருப்பீர்கள். கன்வெர்ட்டர் எடுப்பவர்களில் பெரும்பாலோர் சைலன்சரையும் சேர்த்தே மாற்றுவதால், அகப்படுவது அந்த வழியில்தான்.

வாரண்டி, காப்பீடு என்ன ஆகும்?

புகைக்குழாயை வெட்டிய வண்டிக்கு எஞ்சின் தொடர்பான வாரண்டியைத் தர நிறுவனம் மறுக்கலாம். அறிவிக்காமல் செய்த மாற்றத்தைக் காட்டி, விபத்து இழப்பீட்டில் காப்பீட்டு நிறுவனம் தகராறு செய்வதற்கும் இடம் கொடுக்கிறீர்கள்.

லாரியும் பேருந்தும் கக்கும் புகைக்கு முன்னால் என் ஒரு பைக் எம்மாத்திரம்?

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல மனிதர்களும் இதைச் சொல்லித்தான் தங்களைச் சமாதானம் செய்துகொள்கிறார்கள்.

சூடேறி நல்ல நிலையில் இருக்கும் மும்முனைக் கன்வெர்ட்டர், தன்னிடம் வரும் மாசுகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் மாற்றிவிடுகிறது. அப்படியானால் அதை எடுத்த ஒரு வண்டி, எடுக்காத பத்து வண்டிகள் விடும் மாசை ஒன்றாக விடுகிறது என்றாகிறது. பிஎஸ்6 விதிப்படி ஒரு மோட்டார் சைக்கிள் கிலோமீட்டருக்கு 1 கிராம் கார்பன் மோனாக்சைடு, 0.1 கிராம் ஹைட்ரோகார்பன், 0.06 கிராம் நைட்ரஜன் ஆக்சைடு வரை வெளியிடலாம். எஞ்சினை எவ்வளவு நுட்பமாகச் செய்தாலும் கன்வெர்ட்டர் இன்றி இந்த மூன்று எல்லைக்குள்ளும் ஒருசேர நிற்பது நடைமுறையில் ஆகாத காரியம். இதற்காகவே நாடு முழுவதும் பெட்ரோலில் கந்தகத்தை 50 பிபிஎம்மிலிருந்து 10 பிபிஎம்முக்குக் குறைத்தார்கள். எண்ணெய் நிறுவனங்கள் அதற்குப் பெரும்பணம் செலவிட்டன. வண்டி விலையில் கன்வெர்ட்டருக்கும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கும் சேர்த்து நீங்களும் பணம் கொடுத்திருக்கிறீர்கள்.

லாரியின் கரும்புகை கண்ணுக்குத் தெரிகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எரியாத ஹைட்ரோகார்பன்களில் ரத்தப் புற்றுநோயோடு தொடர்புள்ள பென்சீனும் உண்டு. ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் வினைபுரிந்து, தரைமட்ட ஓசோனாகி ஆஸ்துமாக்காரர்களை வாட்டுகின்றன. வெயிலுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. தமிழ்நாட்டில் பதிவான வண்டிகளில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இருசக்கர வண்டிகள்தான். ஆகவே “என் ஒரு பைக்” என்ற கணக்கு இங்கே செல்லாது. தவிரவும், சிக்னலில் உங்கள் புகைக்குழாய்க்கு நேர் பின்னால் ஓரடி தூரத்தில் நிற்பவர் லாரி ஓட்டுநர் அல்லர். முன்னால் குழந்தையை உட்கார வைத்திருக்கும் இன்னொரு ஸ்கூட்டர்காரர்.

கன்வெர்ட்டர் அடைத்துக்கொண்டது, எடுத்தால்தான் வண்டி ஓடும் என்கிறார் மெக்கானிக். நம்பலாமா?

ஆதாரம் கேளுங்கள். மோட்டார் சைக்கிளில் கன்வெர்ட்டர் அடைபடுவது அரிது. அடைபட்டால் அறிகுறி தெளிவாக இருக்கும்: குறைந்த சுழற்சியில் ஒழுங்காக ஓடும் வண்டி, முறுக்க முறுக்க மூச்சுத் திணறி, ஒரு வேகத்துக்கு மேல் ஏறாது, குழாயின் முனையில் கையை வைத்தால் புகை தளர்வாக வரும். ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டும்போது உள்ளே ஏதோ உருளும் ஒலி கேட்டால், உருளை உடைந்திருக்கிறது. ஐயம் தீர வேண்டுமென்றால், ஓ2 சென்சாரைக் கழற்றிய துளையில் அழுத்தமானியைப் பொருத்தி அளக்கலாம். அதற்கு வெகுநேரம் ஆகாது.

இவை எதையும் பார்க்காமல் “அடைத்துக்கொண்டது” என்று சொல்பவரிடம், முதலில் ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், வால்வு இடைவெளி, பெட்ரோல் பம்பின் அழுத்தம், கிளட்ச் வழுக்கல் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். இழுவை குறைந்த வண்டிகளில் மிகப் பலவற்றின் நோய் இந்தப் பட்டியலுக்குள்ளேயே அடங்கிவிடும். பல மாதம் நிறுத்திவைத்திருந்த வண்டியென்றால், சைலன்சர் முனையில் டார்ச் அடித்துப் பாருங்கள். குளவி கட்டிய மண்கூட்டை எடுத்தாலே வண்டி சரியாகிவிடக்கூடும்.

கன்வெர்ட்டரைக் கெடுப்பது எது? இ20 பெட்ரோலா?

இ20 போல எத்தனால் (இ20-இல் 20 விழுக்காடு) கலந்த பெட்ரோல் கன்வெர்ட்டருக்கு நஞ்சு அல்ல. முன்பு ஈயம் நஞ்சாக இருந்தது. ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000 பிப்ரவரியோடு ஒழிந்தது. இன்று அதைக் கொல்பவை வேறு.

முதலாவது, மிஸ்ஃபயர். ஸ்பார்க் சரியாக விழாமல் பெட்ரோல் அப்படியே கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்தால், வெப்பம் 1,000 டிகிரியைத் தாண்டிப் பூச்சு சிதையும். பீங்கான் உருளையாக இருந்தால் உருகவும் கூடும். எனவே திக்கித் திக்கி ஓடும் வண்டியை “அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்று வாரக்கணக்கில் ஓட்டக் கூடாது. இரண்டாவது, ஆயில். பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் எரியும் எஞ்சினில், அதிலுள்ள பாஸ்பரஸ் உருளையின்மேல் படிந்து மூடிவிடும். மோட்டார் சைக்கிள் ஆயிலுக்கான ஜாசோ எம்ஏ2 தரத்தில் பாஸ்பரஸ் 0.08 முதல் 0.12 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள். மூன்றாவது, கண்ட இடத்தில் பூசும் சிலிக்கோன் பசை. சென்சாரையும் சேர்த்துக் கெடுக்கும். நான்காவது, மழைவெள்ளம். கொதிக்கும் கன்வெர்ட்டரோடு முழங்கால் நீரில் வண்டியை இறக்கினால் திடீர்க் குளிர்ச்சியில் பீங்கான் உருளை வெடிக்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் நடந்ததைப் போல, நீரில் மூழ்கிக் கிடந்த வண்டியென்றால் ஸ்டார்ட் செய்து பார்க்காமல் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போவதே முறை.

உண்மையிலேயே கெட்டுவிட்டால் என்ன செய்வது?

மாற்ற வேண்டும். பல மாடல்களில் கன்வெர்ட்டர் தனியாகக் கிடைக்காது. பெண்ட் பைப்போடு அல்லது முழு சைலன்சரோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டியிருக்கும், விலையும் உறுத்தும். முதலில் வாரண்டியில் வருமா என்று எழுத்தில் கேளுங்கள். வராவிட்டால், கெட்டதற்கான மூலகாரணத்தைச் சரிசெய்த பிறகே புதியதை மாட்டுங்கள். மிஸ்ஃபயர் ஆகும் எஞ்சினில் மாட்டிய புதுக் கன்வெர்ட்டரும் அதே வழியில் போகும்.

“இலவசமாகவே எடுத்துத் தருகிறேன்” என்கிறாரே ஒருவர்?

கழற்றியதை யார் வைத்துக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். அதிலுள்ள அரிய உலோகங்களுக்குப் பழைய சாமான் சந்தையில் விலை உண்டு. மாருதி ஈகோ வண்டிகளின் சைலன்சர்களைத் திருடும் கும்பல்கள் பிடிபட்ட செய்திகள் பல மாநிலங்களிலிருந்து வந்திருக்கின்றன. மோட்டார் சைக்கிள் கன்வெர்ட்டர் சிறியது, விலையும் குறைவு. இருந்தாலும் சும்மா போவதில்லை. பீங்கான் உருளையை உளியால் குத்தி உடைத்து எடுக்கும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்குக் கேடு. பட்டறையில் அதை முகமூடியின்றிச் செய்வது பெரும்பாலும் அங்கே வேலை கற்கும் சின்னப் பையனாக இருப்பான்.

பந்தயத் தடத்துக்கு மட்டும் பயன்படும் வண்டி என்றால்?

அது வேறு. இருங்காட்டுக்கோட்டையிலோ கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயிலோ பந்தயத்துக்காக மட்டும், வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஓட்டும் வண்டிக்கு அந்தப் போட்டியின் விதிகளே பொருந்தும். பல பிரிவுகளில் முழு எக்ஸாஸ்ட்டையும் மாற்றிக்கொள்கிறார்கள், அதற்கேற்ப டைனோவில் ரீமேப்பும் செய்கிறார்கள். சனிக்கிழமை தடத்திலும் திங்கட்கிழமை அலுவலகத்துக்கும் ஓடும் வண்டி இந்த விலக்குக்குள் வராது. அப்படிப்பட்டவர்கள் ஆலைக் குழாயை வெட்டாமல் தனியாக வைத்திருந்து, தடத்துக்கு வேறு குழாயை மாட்டிக்கொள்ளலாம்.

பழைய வண்டி வாங்கப் போகிறேன். முந்தைய உரிமையாளர் எடுத்துவிட்டாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வண்டி குளிர்ந்திருக்கும்போது பெண்ட் பைப்பையும் எஞ்சினுக்கு அடியையும் டார்ச் வைத்துப் பாருங்கள். ஆலையில் செய்த வெல்டிங் ஒரே சீராக ஓடும்; வெட்டி ஒட்டிய இடத்தில் மேடும் பள்ளமுமாக, மேலே சில்வர் பெயின்ட் அடித்திருக்கும். நிறுவனத்தின் பாகப் பட்டியலில் உள்ள படத்தோடு குழாயின் வடிவத்தை ஒப்பிடுங்கள். ஓ2 சென்சாரின் கம்பி உண்மையில் குழாயில் போய்ச் சேர்கிறதா, இல்லை நடுவில் ஏதேனும் பிளக்கில் முடிகிறதா என்று தொடர்ந்து பாருங்கள். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு ஒரு முறை எரிந்து, ஸ்டார்ட் ஆன பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பையோ இணைப்பையோ யாரோ கழற்றியிருக்கலாம். பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிச் சூடேற்றி, விற்பவர் சொல்லும் நிலையத்துக்குப் போகாமல், நீங்களே தேர்ந்தெடுத்த புகைப் பரிசோதனை நிலையத்தில், குழாயில் கருவியைச் செருகி அளக்கச் சொல்லி, திரையில் வரும் எண்களைப் பாருங்கள். எடுத்திருப்பது உறுதியானால், ஆலைக் குழாய் விற்பவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் புதிய குழாயின் விலையை வண்டியின் விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள்.